தராசு இல்லாத போர்க்களத்தில், ரத்தப் பையில் போதுமான அளவு சேர்ந்துவிட்டதை எப்படி அறிகிறார்கள்?

அடிபட்டவருக்கு அங்கேயே இன்னொரு வீரரின் ரத்தத்தை எடுத்து ஏற்றுவதை அமெரிக்க ராணுவத்தில் 'நடமாடும் ரத்த வங்கி' என்கிறார்கள். வழக்கமான பை 450 மில்லி பிடிக்கும். எடுக்கும்போது அதன் இடுப்பில், முன்பே அளந்து வைத்த பாராசூட் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். ரத்தம் ஏற ஏறப் பை உப்பும். கயிறு இறுகியதும் குழாயை அடைத்துவிட வேண்டும். பால் குடித்த குழந்தையின் வயிற்றில் அரைஞாண் கயிறு இறுகுமே, அதே கதைதான். இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தராசு இருந்தால் இன்னும் நல்லது: 450 மில்லி ரத்தம் சுமார் 477 கிராம் (பையின் எடை தனி).

சரி, அளவு ஏன் முக்கியம்? பையில் ஏற்கெனவே 63 மில்லி உறைதடுப்புத் திரவம் இருக்கிறது. ரத்தம் கூடினால் அது போதாமல் கட்டி தட்டும். குறைந்தால் திரவத்திலுள்ள சிட்ரேட் மிஞ்சி, அடிபட்டவர் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். ரத்தம் இழந்தவருக்கு அது முன்பே குறைந்திருக்கும்.

'கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் நல்லதுதானே' என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கொடுத்த வீரரும் அப்புறம் துப்பாக்கியோடு நடந்தாக வேண்டும்.