'ஃபசேந்தா', 'அசியெந்தா' இரண்டும் ஒரே சொல்லா? பொருள் என்ன?

காபி பாக்கெட்டில் 'ஃபசேந்தா' என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் கேட்டிருப்பீர்கள். ஆமாம், ஒரே சொல்தான். ஃபசேந்தா போர்ச்சுகீசியம், அசியெந்தா ஸ்பானிஷ். பெரிய பண்ணை, எஸ்டேட் என்று பொருள். இதோடு முடித்திருப்பேன், ஆனால் என் மானத்தை வாங்கிய சொல் இது.

பெங்களூரில் பிரேசில் வாடிக்கையாளர்களின் பில், கடிதங்களை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையில் இருந்தேன். அந்நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலக் காபித் தோட்டங்களிலிருந்து வரும் தாள்களில் எங்கு பார்த்தாலும் ஃபசேந்தா. ஒருநாள் 'மினிஸ்தேரியு த ஃபசேந்தா' என்று ஒரு கடிதம். பண்ணைக்கு அமைச்சகம் என்றால் வேளாண் அமைச்சகம்தானே? அப்படியே எழுதிவிட்டேன். அது நிதி அமைச்சகம்! வரி பாக்கி நோட்டீஸ் மூன்று வாரம் தோட்டக் கடிதங்களின் ஃபோல்டரில் கிடந்தது. மேனேஜர் அதை மீட்டிங்கில் வாசித்துக் காட்டிச் சிரித்தார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். லத்தீனில் 'ஃபாகியெந்தா' என்றால் 'செய்யப்பட வேண்டியவை'. செய்ய வேண்டிய காரியங்கள் என்பது ஒருவனுடைய சொத்து என்றாகி, சொத்து நிலமாகி, நிலம் பண்ணையாகிவிட்டது. அரசாங்கத்தின் சொத்து என்றால் கஜானா. ஸ்பெயினில் இன்றைக்கும் 'அசியெந்தா' என்றால் முதலில் வரித்துறைதான் ஞாபகத்துக்கு வரும். போர்ச்சுகீசியத்தில் துணிக்கும் இதே சொல் உண்டு.

'ஃப' எங்கே போனது என்றால், லத்தீன் சொல்லின் முதலில் வரும் 'ஃப' ஸ்பானிஷில் பல இடங்களில் 'ஹ' ஆகி, பிறகு ஒலியே இல்லாமல் போய்விட்டது. hacienda என்று எழுதும்போது h என்ற எழுத்து மட்டும் மிச்சம். மகனுக்குப் போர்ச்சுகீசியத்தில் 'ஃபில்யு', ஸ்பானிஷில் 'இஹோ'. பெங்களூரில் இருந்தவனுக்கு இது புதிதில்லை. நம் பால் அங்கே ஹாலு, பாம்பு ஹாவு.

எனக்குப் பிடித்தது வேறொன்று. தமிழில் 'செய்' என்றால் வயல் என்றும் பொருள் உண்டு. நன்செய், புன்செய் எல்லாம் அதில் வந்தவைதான். இப்படி எழுதியதும் 'லத்தீனே தமிழிலிருந்து வந்தது என்கிறாயா?' என்று ஒருவர் கமெண்டில் வருவார். இல்லை சாமி. வயலைக் குறிக்கும் 'செய்'யும் வினைச்சொல் 'செய்'யும் ஒரே வேர் என்றுகூட நான் சொல்லவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் மொழியியல் படித்தவனும் இல்லை.

சிரித்தாரே அந்த மேனேஜர், அவர் கடைசிவரை 'ஹேசியெண்டா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். போர்ச்சுகீசியத் தேர்வு எழுதுங்கள், கட்டணத்தைக் கம்பெனி தரும் என்று சொன்னவரும் அவரே. எழுதி, பாஸாகி, ரசீதும் கொடுத்தேன். இன்றுவரை ஒரு பைசா வரவில்லை. அந்த ரசீது எந்த ஃபோல்டரில் கிடக்கிறதோ.