மூன்று நாள் வேலையை விட்டு வேர்ட்கேம்ப் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

மும்பையில் 2026 ஏப்ரல் 9 முதல் 11 வரை நடைபெறவிருக்கும் வேர்ட்கேம்ப் ஆசியாவைப் பற்றி, அதாவது வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் பயனர்கள் கூடும் ஆசிய மாநாட்டைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எங்கள் வடசென்னைப் பக்கத்திலிருந்தே வந்திருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்கும், மின்ட் தெரு பாத்திரக் கடைக்கும், திருவொற்றியூர் டியூஷன் சென்டருக்கும் வலைத்தளம் செய்து கொடுத்துப் பிழைப்பவர்கள் இங்கே தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆகவே இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக வேர்ட்பிரஸில் கடைகளுக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுக்கிறேன். பெரிய நிறுவனம் எதிலும் வேலை பார்த்ததில்லை. ஆங்கிலமும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத்தான். மூன்று நாள் வேலையை விட்டு, ரயிலுக்கும் அறைக்கும் செலவழித்து மும்பைக்குப் போனால் எனக்கு என்ன கிடைக்கும்? உரைகளையெல்லாம் பிறகு வீடியோவில் இலவசமாகவே போட்டுவிடுவார்களாமே?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: போட்டுவிடுவார்கள் என்பது உண்மைதான். வேர்ட்பிரஸ் டிவி என்ற தளத்தில் பல ஆண்டுகளின் உரைகள் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. உரை கேட்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் மும்பைக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன்; வீட்டிலேயே, புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடியும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வேர்ட்கேம்ப் என்ற ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும், கைவிடப்படும் நிலையில் இருந்த பி2 என்னும் மென்பொருளின் நிரலை எடுத்துத் திருத்தி, 2003இல் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அதன் பயனர்கள் 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியதே முதல் வேர்ட்கேம்ப். நம் நாட்டிலேயே கொச்சி, புனே, அகமதாபாத், கொல்கத்தா போன்ற நகரங்களில் ஊர் அளவிலான வேர்ட்கேம்ப்கள் நடந்திருக்கின்றன. ஆசிய அளவிலான பெரிய மாநாடு 2023இல் பாங்காக்கிலும், 2024இல் தைபேயிலும், 2025இல் மணிலாவிலும் நடந்து, இப்போது மும்பைக்கு வருகிறது. நடத்துபவர்களுக்கும் பேசுபவர்களுக்கும் சம்பளம் கிடையாது. பந்தியில் பரிமாறும் உறவுக்காரர்களைப் போலத் தன்னார்வலர்களே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். செலவின் பெரும்பகுதியை ஸ்பான்சர்கள் ஏற்பதால், மதிய உணவும் தேநீரும் சேர்ந்த டிக்கெட்டின் விலை, ஒருவருக்கு உண்மையில் ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதன்முறை இப்படியொரு மாநாட்டுக்குப் போனபோது, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் இரண்டு நாளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். அந்த நோட்டை அதற்குப் பிறகு நான் திறந்ததில்லை. எனக்குப் பயன்பட்டது தேநீர் வரிசையில் கழிந்த பத்து நிமிடம் மட்டும்தான். என் வாடிக்கையாளர் ஒருவரின் கடைக்கு ஆர்டர் வந்தால் அந்தத் தகவல் வாங்கியவரின் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேராமல் பல மாதங்களாக என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவரிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். நாமாக வேறு எதுவும் அமைக்காவிட்டால், வேர்ட்பிரஸ் வலைத்தளம் இருக்கும் சர்வரிலிருந்தே மின்னஞ்சலை அனுப்பிவிடுகிறது என்றும், அந்த சர்வர் உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்றது என்பதற்கு டொமைனில், அதாவது தளத்தின் முகவரிப் பதிவில், அத்தாட்சி எதுவும் இல்லாததால் பெறுபவரின் அஞ்சல் சேவை அதைக் குப்பைக் கூடையில் தள்ளுகிறது என்றும், ஆகவே எஸ்எம்டிபி என்ற அஞ்சல் அனுப்பும் முறையில் கடவுச்சொல்லோடு அனுப்பும் பிளக்இன் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றைப் போட்டு, டொமைன் பதிவுகளில் அந்த அத்தாட்சியைத் தரும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும் என்றும் அவர் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டிவிட்டார். இந்த விஷயம் வீடியோக்களிலும் இருந்திருக்கும். ஆனால் எனக்கு என்ன நோய் என்றே தெரியாதபோது எந்த மருந்தின் பெயரைச் சொல்லித் தேடுவது?

ஆகையால் உரைகளில் உங்கள் தொழிலுக்கு நேராகப் பயன்படும் மூன்றோ நான்கோ தேர்ந்தெடுத்துக்கொண்டு, மற்ற நேரத்தை வெளியே, தாழ்வாரத்தில் செலவழியுங்கள். ஊரிலேயே உங்களைத் திணறடிக்கும் மூன்று சிக்கல்களை எளிய ஆங்கிலத்தில் காகிதத்தில் எழுதி, அந்தத் தளங்களைக் கைப்பேசியில் திறந்து காட்டத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை நினைத்து ஒதுங்க வேண்டாம். ஜப்பானிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருபவர்களில் பலருக்கும் அது கடன் வாங்கிய மொழிதான். திக்கித் திக்கிப் பேசுபவரைக் கேட்கும் பொறுமை அங்கே அதிகம். இம்மாதிரிக் கூட்டங்களில் பாக்மேன் விதி என்றொரு வழக்கம் உண்டு: வட்டமாக நின்று பேசுபவர்கள், வாயைத் திறந்திருக்கும் அந்த வீடியோ விளையாட்டுப் பொம்மையைப் போல, புதிதாக வரும் ஒருவர் நிற்பதற்கு இடம் விட்டே நிற்க வேண்டும். அந்த இடைவெளியைக் கண்டால் கூசாமல் போய் நில்லுங்கள்.

கேள்வி: முதல் நாள் முழுவதும் பங்களிப்பு நாள் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு தீம் போட்டு, பக்கம் அமைக்கத் தெரியுமே தவிர நிரல் எழுதத் தெரியாது. அன்றைக்கு நான் போவதால் யாருக்கு என்ன பயன்? மறுநாள் போனால் போதாதா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: போதாது. ஒரு நாள்தான் போக முடியும் என்றால் அந்த முதல் நாளுக்கே போங்கள் என்பேன். இது என் தனிப்பட்ட சாய்வு என்பதையும் மறைக்கவில்லை.

வேர்ட்பிரஸ் ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகும் கட்டற்ற மென்பொருள். அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். நீங்களும் நானும் ஒரு பைசா கொடுக்காமல் அதை வைத்துச் சம்பாதிக்கிறோம். பங்களிப்பு நாளில் பெரிய கூடத்தில் மேசை மேசையாகப் பிரிந்து உட்கார்ந்து அதற்கு வேலை செய்கிறார்கள். மைய நிரலுக்கு ஒரு மேசை என்றால், உதவிக் குறிப்புகள், பயிற்சிப் பாடங்கள், அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்வது), புகைப்படம், மொழிபெயர்ப்பு என்று நிரலே தேவைப்படாத மேசைகள் பல. ஒவ்வொரு மேசையிலும் புதியவருக்குக் கற்றுக்கொடுக்க அனுபவமுள்ள ஒருவர் இருப்பார்.

நீங்கள் மொழிபெயர்ப்பு மேசைக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அந்த வேலை அகராதியைப் புரட்டுவதல்ல என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஆங்கில வாக்கியத்தில் பொருளின் பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியோடு ஓர் இடக்குறி இருக்கும். தளம் ஓடும்போது அங்கே பெயர் வந்து உட்காரும். அதன் பின்னால் நீங்கள் ‘ஐ’ உருபை ஒட்டி ‘நீக்கு’ என்று எழுதிவிட்டால், ‘சேலை’ வரும்போது ‘சேலைஐ நீக்கு’ என்றும், ‘படம்’ வரும்போது ‘படம்ஐ நீக்கு’ என்றும் திரையில் தோன்றும். சேலையை என்றும் படத்தை என்றும் சொல் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. உருபே தேவைப்படாதபடி, ‘நீக்க வேண்டியது:’ என்று முதலில் சொல்லிவிட்டுப் பெயரைக் கடைசியில் நிறுத்துவது போன்ற உத்திகளைத் தமிழில் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதை ஒரு நிரலாளரைவிட, தன் தளத்தைத் தானே திறந்து பார்த்துத் திருதிருவென்று விழிக்கும் கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் நன்றாகச் செய்வீர்கள். பணம் செலுத்தும் பொத்தானில் எந்தச் சொல் இருந்தால் தண்டையார்பேட்டைக் கடைக்காரருக்குச் சட்டென்று புரியும் என்பது தமிழறிஞருக்கும் தெரியாமல் போகலாம், உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எழுதுவது முதலில் பரிந்துரையாகத்தான் பதிவாகும். அம்மொழியின் பதிப்பாசிரியர் பார்த்து ஒப்புதல் அளித்த பிறகே அது செல்லுபடியாகும். எனவே தவறு செய்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு பிளக்இனில் உள்ள தொடர்களில் 90 விழுக்காடு ஒப்புதல் பெற்றால்தான் அதன் தமிழ்ப் பொதி, அதாவது தளங்கள் இறக்கிக்கொள்ளும் மொழிபெயர்ப்புத் தொகுப்பு, முதன்முறை உருவாகும் என்பதால், பத்துப் பிளக்இன்களில் பத்துப் பத்து வரி எழுதுவதைவிட, நீங்கள் தினமும் பயன்படுத்தும் சிறிய பிளக்இன் ஒன்றை எடுத்து முழுதாக முடிப்பது மேல்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சிலவற்றை முடித்துவிடுங்கள். வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் உங்களுக்கென ஒரு கணக்கும், பங்களிப்பாளர்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலியில் ஒரு கணக்கும் தேவை. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே வைஃபையில் தொங்கும் கூடத்தில் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலுக்காகக் காத்திருப்பதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. லேப்டாப்பில் தமிழ் விசைப்பலகையையும் நிறுவிக்கொள்ளுங்கள். 1999இல் நம் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டிப் பிறந்த தமிழ்99 அமைப்பைத்தான் நான் பயன்படுத்துகிறேன். வேறு எது பழகியிருந்தாலும் சரிதான்.

லேப்டாப்பே இல்லையென்றால் புகைப்பட மேசை இருக்கிறது. யாரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் வேர்ட்பிரஸ் ஒரு படத் தொகுப்பை வைத்திருக்கிறது. காசிமேட்டுப் படகு, 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் என்று நீங்களே கைப்பேசியில் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். மனித முகம் அடையாளம் தெரியும் படங்களை ஏற்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள் என்றும் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். வேர்ட்கேம்ப்களுக்கு எழுதப்பட்ட நடத்தை விதிகள் உண்டு. யாராவது எல்லை மீறினால் ஏற்பாட்டாளர்களிடம் புகார் செய்யலாம். அந்த விதிகளையும் நிகழ்ச்சி நிரலையும் மாநாட்டின் தளத்திலிருந்து எடுத்து அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். மாலை விருந்துக்கு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

கேள்வி: செலவைக் குறைக்க வழி உண்டா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் பயணம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கும்; அன்று காலையே உட்கார்ந்துவிடுங்கள். மாநாடு நடக்கும் ஜியோ வேர்ல்டு அரங்கம் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் இருக்கிறது. அந்த வளாகத்தில் அறை எடுப்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாட்டுங்காவும் அதிகத் தூரமில்லை. வடசென்னையில் விசாரித்தால் தாராவியில் சித்தப்பாவோ மாமாவோ இல்லாத வீடு குறைவு. திரும்பப் பெற முடியாத விமான டிக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். பாங்காக்கில் 2020 பிப்ரவரியில் நடக்கவிருந்த முதல் ஆசிய மாநாடு, கொரோனா காரணமாக, தொடங்குவதற்குப் பத்து நாட்கள்கூட இல்லாதபோது ரத்து செய்யப்பட்டது.

கேள்வி: ஸ்டால்களில் பை, டி-ஷர்ட், ஸ்டிக்கர் எல்லாம் இலவசமாகத் தருவார்கள் என்று நண்பர் சொல்கிறாரே?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தருவார்கள். பதிலுக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கடிதம் அனுப்புவார்கள். அதற்கென்று தனி முகவரி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. வாப்பூ என்ற மஞ்சள் நிறக் குட்டிப் பிராணியின் ஸ்டிக்கர் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள். ஜப்பானில் 2011இல் பிறந்த அந்தச் சின்னமும் ஜிபிஎல் உரிமத்திலேயே இருப்பதால், அதற்கு வேட்டி கட்டி, கையில் கேரம் ஸ்ட்ரைக்கர் கொடுத்து நீங்களே வடசென்னை வாப்பூ ஒன்று வரைந்தாலும் தடையில்லை.

கேள்வி: என்னால் மும்பைக்குப் போக இயலாது. எங்கள் பகுதியிலேயே இப்படிக் கூட முடியுமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: முடியும். வேர்ட்பிரஸ் சமூகத்தில் மீட்டப் என்ற மாதக் கூட்டங்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. அதில் உங்கள் குழு சேர்க்கப்பட்டால், கூட்டங்களை அறிவிக்கப் பயன்படும் மீட்டப் என்ற இணையதளத்துக்கான கட்டணத்தைத் திட்டமே செலுத்திவிடும். முதலில் சென்னையில் ஏற்கெனவே இயங்கும் குழு எது என்று அந்தத் தளத்தில் தேடி, அவர்களிடம் வடக்குப் பக்கம் ஒரு கூட்டம் போடலாமா என்று கேளுங்கள். இடத்துக்கு அலைய வேண்டாம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு பிற்பகலில் சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் சும்மாதான் கிடக்கும். மேசையும் மின்விசிறியும் அங்கேயே இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் நான்கு எடுத்துக்கொண்டு போங்கள். தேதி முடிவானதும் எனக்கு எழுதினால், அடுத்த இதழில் இடத்தோடும் நேரத்தோடும் அறிவிக்கிறேன்.