மெட்ஃபார்மின்: கையேட்டை நம்புவதா, ஆப்பை நம்புவதா?

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை சிறுநீரகம் பலவீனமானவருக்குக் கொடுக்கலாமா என்பதில் வார்டு கையேடு ஒன்று, மருந்து ஆப் வேறொன்று சொல்கிறதா? ஆப் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.5 மி.கி./டெ.லி. தொட்டாலே மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்லும் உங்கள் வார்டு கையேடு பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2016 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியாட்டினினை வைத்து மதிப்பிடும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்குக்கு மாறிவிட்டது: 30க்குக் கீழே கூடவே கூடாது, 30–45 என்றால் புதிதாகத் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு நல்லது கெட்டது பார்த்து முடிவெடுக்கலாம்.

கையேடு அச்சான ஆண்டைப் பாருங்கள். பெரும்பாலும் 2016க்கு முந்தையதாக இருக்கும். சீனியர் கைமாற்றிவிட்ட ஜெராக்ஸ் என்றால் ஆண்டு போட்ட பக்கமே இருக்காது! ஆப்பிலும் மெட்ஃபார்மின் பக்கம் எப்போது திருத்தப்பட்டது என்று தேடுங்கள். ஆப் அப்டேட் ஆன தேதி வேறு சங்கதி.

கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் நம்பாதீர்கள், மாத்திரையை நிறுத்திவைத்து யூனிட் சீஃபிடம் கேளுங்கள். மெலிந்த முதியவர்களிடம் அந்த எண் சிறுநீரகத்தை இருப்பதைவிட நன்றாகவே காட்டும்.