மைக் ராஸின் பயம் வேறு, உங்கள் பயம் வேறு

பதவி உயர்வுக்குப் பிறகு ‘என்றைக்கு மாட்டிக்கொள்வேனோ’ என்று பயம், ‘சூட்ஸ்’ தொடரின் மைக் ராஸ் நானேதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மைக் ஹார்வர்டில் படிக்காமலே படித்ததாகச் சொல்லி வழக்கறிஞர் வேலையில் சேர்ந்தவர். அவர் பயந்தது நியாயம்! உங்கள் சான்றிதழ் அசல்தானே?

உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-இல் இந்தப் பயத்தைப் பற்றி எழுதியபோது நோய் என்று சொல்லவில்லை, ‘இம்போஸ்டர் ஃபினாமினன்’ என்றார்கள்; திறமை இருந்தும் தன்னைப் போலி என்று நினைக்கும் அனுபவம். கிளான்ஸ் விளக்கிய சுழற்சி இது: வேலை வந்ததும் பதற்றம். அதனால் ஒன்று, தேவைக்கு மேல் தயாரிப்பு. இல்லையென்றால் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடுதல். நன்றாக முடிந்தால் முதலாமவர் ‘மாடாய் உழைத்தேன், அவ்வளவுதான்’ என்பார், இரண்டாமவர் ‘அதிர்ஷ்டம்’ என்பார். திறமைக் கணக்கில் எதுவும் வரவாகாது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகை. பத்து ஸ்லைடு தயாரிக்க மூன்று இரவு விழித்ததாகச் சொல்கிறீர்கள், அது அதிகம். தொடங்கும் முன்பே மணிக்கணக்கைக் குறியுங்கள், அது தீர்ந்ததும் நிறுத்துங்கள். முடிந்த அன்றே, அதில் நீங்கள் எடுத்த ஒரு முடிவை எழுதிவையுங்கள். பாராட்டு வந்தால் சொன்னவரின் வார்த்தையிலேயே குறியுங்கள். சொந்த நடையில் எழுதினால் கை தானாகக் குறைத்து எழுதும்.

தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் உளவியலாளரைப் பாருங்கள்.