எண்ணெய்ச் சட்டியை மூடிவிட்டால் போதுமா?

அன்புள்ள அக்கா,

போன வருஷம் என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது தேறி வருகிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் மூன்றையும் நிறுத்திவிட்டேன். என் மகளுக்கு 26 வயது, ஜூனில் கல்யாணம். சித்தியைப் பார்த்துப் பயந்து அவளும் அவித்த காய்கறியும் கொஞ்சம் கோழியும்தான் சாப்பிடுகிறாள், தினமும் ஓடுகிறாள். 9 கிலோ குறைந்துவிட்டாள். 4 மாதமாக மாதவிடாய் வரவில்லை. "கொழுப்பே இல்லாவிட்டால் கர்ப்பப்பை காய்ந்துவிடும், தினமும் நெய் கொடு" என்கிறார் என் மாமியார். நெய் கொடுத்தால் அவளுக்கும் அந்த நோய் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். என்ன செய்வது?

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

முதலில் மகளை இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். 4 மாதம் வரவில்லை என்றால் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் இருக்கலாம், அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் திடீரென்று 9 கிலோ குறைந்ததையும் தினமும் ஓடுவதையும் படித்தபோது எனக்குக் கவலையாகிவிட்டது.

உங்கள் மாமியார் சொல்லும் காரணம் சரியில்லை, நெய் நேரே கர்ப்பப்பைக்குப் போவதில்லை. ஆனால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1929இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் வளரவில்லை, வாலில் செதில் செதிலாக உரிந்தது, பெண் எலிகளுக்குக் கருமுட்டை வெளிவருவதே தாறுமாறாகிவிட்டது. சில கொழுப்பு அமிலங்களை உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் இரண்டையும் உடம்பு கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது, பிரசவ நேரத்தில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவது கொழுப்பு அமிலத்திலிருந்து.

அதோடு, உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அதுதான். சாப்பாடு குறைந்து ஓட்டம் கூடி அந்தக் கையிருப்பு சட்டென்று இறங்கினால், இது பிள்ளை சுமக்கிற காலம் இல்லை என்று மூளை சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது, மாதவிடாய் நின்றுபோகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்கி எலும்பும் தேயத் தொடங்குகிறது. உங்கள் மகளுக்கு நடப்பது இதுவாக இருந்தால் ஒரு கரண்டி நெய் மட்டும் அதைச் சரிசெய்யாது. அவள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், கொஞ்ச நாள் ஓட்டத்தையும் குறைக்க வேண்டும்.

சரி, புற்றுநோய்க்கு வருகிறேன். கொழுப்பு அதிகம் சாப்பிடும் நாடுகளில் மார்பகப் புற்றுநோயும் அதிகம் என்று 1970களில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள், நம் வீடுகளில் இருக்கும் பயத்துக்கு வேர் அங்கேதான். அப்புறம் அமெரிக்காவில் வயதாகி மாதவிடாய் நின்ற 48,835 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு மட்டும் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்து, சராசரியாக 8 ஆண்டுகள் கவனித்தார்கள். 2006இல் முடிவு வந்தது: அவர்களில் மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் குறைவு, ஆனால் அது தற்செயலாகக்கூட இருக்கலாம் என்னும் அளவுக்கு மெல்லிய வித்தியாசம். நீண்ட காலம் தொடர்ந்து கவனித்தபோது அந்தப் பெண்களில் இந்த நோயால் இறந்தவர்கள் குறைவு என்று தெரிந்தது உண்மைதான், ஆனால் அவர்கள் காய், பழம், தானியம் எல்லாம் கூட்டியிருந்தார்கள், கொஞ்சம் எடையும் குறைந்திருந்தார்கள். எண்ணெயை நிறுத்தியதுதான் காத்தது என்று அதைப் படித்துவிட்டு யாரும் சொல்ல முடியாது.

ஆதாரம் உறுதியாக இருப்பது உடம்பில் மிஞ்சிச் சேரும் கொழுப்பின் விஷயத்தில். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடுகிறது, ஈஸ்ட்ரோஜனைச் செய்யும் வேலையைக் கொழுப்புத் திசு எடுத்துக்கொள்கிறது. திசு அதிகம் என்றால் ஈஸ்ட்ரோஜனும் அதிகம், அது மார்பகத்தையும் கர்ப்பப்பையின் உள்சுவரையும் தூண்டிக்கொண்டே இருக்கும். 2016இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை அதிக உடற்கொழுப்போடு தொடர்புடைய 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியலிட்டது, இவை இரண்டும் அதில் உண்டு. இளவயதில் அதே மிகுதி இன்சுலினைக் கூட்டிச் சினைப்பை நீர்க்கட்டியையும் மோசமாக்குகிறது. அளவு தாண்டினாலும் கெடுதல், அடியோடு வற்றினாலும் கெடுதல். உங்கள் தங்கைக்கான அளவும் மகளுக்கான அளவும் ஒன்றாக இருக்க முடியாது, இருவருக்கும் ஒரே சட்டியில் சமைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

இதை எழுதும்போது என் பெரியம்மா ஞாபகம் வருகிறது. மாதவிடாய் நின்று 6 வருஷம் கழித்து அவருக்கு உதிரப்போக்கு வந்தது. உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயமும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தோம், நானும்தான் கொடுத்தேன். கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று தெரிவதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது. மாதவிடாய் நின்ற பின் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் மாமியாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

சமையலில் எதைச் சேர்ப்பது என்று கேட்டால், மருத்துவர் தங்கைக்கென்று தனியாக ஏதும் சொல்லியிருந்தால் அதன்படி, மற்றபடி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாக ஊற்றித் தாளியுங்கள். தேங்காய்ப்பாலும் நெய்யும் நிறைவுற்ற கொழுப்பு, எப்போதாவது போதும். தேக்கா சந்தையில் கானாங்கெளுத்தி கிடைக்கும், மலாய்க்காரர்கள் இக்கான் கெம்போங் என்பார்கள், ஒமேகா 3 நிறைய உள்ள மீன். வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். ஒதுக்க வேண்டியது டிரான்ஸ் கொழுப்பை, அதாவது எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கும்போது உண்டாகும் கொழுப்பை. அமெரிக்கச் செவிலியர் ஆய்வொன்றில், சாப்பாட்டின் சக்தியில் 2 சதவீதம் மாவுச்சத்துக்குப் பதில் அதிலிருந்து கிடைத்தபோது, கருமுட்டை வெளிவராததால் வரும் மலட்டுத்தன்மைக்கான வாய்ப்பு 73 சதவீதம் கூடியிருந்தது. அதற்கு முக்கிய மூலமான பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயைச் சிங்கப்பூர் 2021 ஜூனில் தடை செய்துவிட்டது.

உங்கள் கூடப்பிறந்தவருக்கே வந்திருப்பதால், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எந்த வயதில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று உங்களுக்காகவும் மகளுக்காகவும் மருத்துவரிடம் கேளுங்கள். கிளம்பும் முன் மகளுக்குக் கடைசியாக மாதவிடாய் வந்த தேதியையும், எந்த மாதத்திலிருந்து எடை இறங்கியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள். அன்றிரவு என்ன சமைத்தாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.