டிஸ்னி வேர்ல்டில் இருவர் மட்டும் உணவருந்த: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரையொட்டி 1971 அக்டோபரில் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இன்று நான்கு தீம் பார்க்குகளும் அவற்றைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளும் உள்ளன. தேனிலவுக்கும் திருமண நாளுக்கும் அங்கே செல்லவிருக்கும் தம்பதியர், ஒரு மாலை இருவர் மட்டும் அமர்ந்து உண்ண எந்த உணவகம் ஏற்றது என்று அனுப்பிய கேள்விகளுக்கான என் பதில்கள் இவை.

கேள்வி: செப்டம்பரில் தேனிலவுக்காகச் சென்னையிலிருந்து வருகிறோம். எது மிகவும் ரொமான்டிக்கான உணவகம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நீங்கள் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா.

ஒன்றே ஒன்று என்றால் கலிஃபோர்னியா கிரில் என்பேன். ஆனால் பெயரைவிட அதற்கான காரணம் முக்கியம். பார்க்குக்குள் இருக்கும் உணவகங்களில் பெரும்பாலானவை, காலையிலிருந்து வெயிலில் நடந்து களைத்த குடும்பங்களுக்குச் சோறு போடவே இருக்கின்றன. குழந்தைகளின் தள்ளுவண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கும், உள்ளே பேச்சுச் சத்தம் கூரையை எட்டும். விடுதிகளில் உள்ள உணவகங்களுக்கோ பார்க் டிக்கெட் தேவையில்லை. அறைக்குப் போய்க் குளித்து, உடை மாற்றிக்கொண்டு நிதானமாக வரலாம். இருவருக்கான மாலைக்கு முதலில் பார்க்கை விட்டு வெளியே வாருங்கள் என்பதுதான் யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை.

கலிஃபோர்னியா கிரில், கன்டெம்ப்ரரி விடுதியின் பதினைந்தாவது மாடியில் இருக்கிறது. கீழ்த்தளங்களில் ஒன்றில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அதற்கென உள்ள லிஃப்டில் மேலே அனுப்புவார்கள். மேஜிக் கிங்டம் பார்க்கின் கோட்டை கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நேர் எதிரே தெரியும். வாணவேடிக்கை தொடங்கும்போது உள்ளே விளக்குகளை மங்கலாக்கி, பார்க்கில் ஒலிக்கும் அதே இசையை இங்கும் ஒலிக்க விடுவார்கள். வெளித்தளத்தில் போய் நின்றும் பார்க்கலாம். பலருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. முன்மாலையிலேயே சாப்பிட்டு முடித்தவர்கள், பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால், அன்றிரவே திரும்பி வந்து அதே தளத்திலிருந்து வாணவேடிக்கையைப் பார்க்கலாம். ஆகவே எல்லோரும் அடித்துப்பிடித்துக் கேட்கும் எட்டு மணி மேசைக்குப் போட்டியிடாமல், சூரியன் மறைவதற்குச் சற்று முன்னதாக ஒரு மேசையைப் பிடியுங்கள். நீங்கள் வரும் செப்டம்பர் நடுவில் அங்கே ஏறக்குறைய ஏழரை மணிக்குச் சூரியன் மறைகிறது.

செப்டம்பருக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்த மாதத்தில் பல இரவுகளில் மேஜிக் கிங்டமில் தனிக் கட்டணத்துடன் ஹாலோவீன் விருந்து நடக்கும். அந்த இரவுகளில் வழக்கமான காட்சி இருக்காது. விருந்துக்கென்று தனி வாணவேடிக்கை, வழக்கத்தைவிடத் தாமதமாக நடக்கும். மாடியிலிருந்து அதையும் பார்க்கலாம், ஆனால் எந்த நாளில் எத்தனை மணிக்கு எது நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு மேசையைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: முன்பதிவை எப்போது, எப்படிச் செய்ய வேண்டும்? நாங்கள் பார்க்கும் நேரத்தில் எல்லாமே நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது.

உண்ணும் நாளுக்கு 60 நாட்கள் முன்பே பதிவு தொடங்குகிறது. இணையத்தில் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம் காலை ஆறு மணிக்குத் திறக்கும். இந்தியாவிலிருந்து முயல்பவர்களுக்கு அது கோடையில் பிற்பகல் மூன்றரை, குளிர்காலத்தில் நான்கரை. டிஸ்னியின் விடுதியில் தங்குபவர்களுக்குக் கூடுதல் சலுகை உண்டு: தங்கத் தொடங்கும் நாளுக்கு 60 நாட்கள் முன்பே, அடுத்த பத்து நாட்கள் வரைக்குமான உணவுகளையும் ஒரே மூச்சில் பதிவு செய்துவிடலாம். இதனாலேயே, கிடைப்பதற்கு அரிதான உணவகத்தைத் தங்கலின் முதல் நாளில் வைக்காமல் கடைசி நாட்களில் வைப்பது புத்திசாலித்தனம். அந்த நாட்களுக்கு உங்களோடு போட்டியிடுபவர்கள் குறைவு.

கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். வராமல் போனாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ பெரும்பாலான உணவகங்களில் ஆளுக்குப் பத்து டாலர் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், வர முடியாதவர்கள் முந்தின நாளிலும் அன்று காலையிலும் மேசைகளை விடுவிப்பார்கள். அந்த நேரங்களில் டிஸ்னியின் கைபேசிச் செயலியைத் திறந்து பாருங்கள். இருவருக்கான மேசை, ஐவருக்கான மேசையைவிட எளிதாகவே அகப்படும்.

கேள்வி: திருமண நாளுக்கு என் மனைவியைக் கோட்டைக்குள்ளேயே இருக்கும் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிளுக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறேன். சரியான தேர்வுதானா?

உங்கள் மனைவி சிறுவயதிலிருந்தே அந்தக் கோட்டைக்குள் அமர்ந்து சாப்பிட ஆசைப்பட்டவர் என்றால் சரி. இல்லையென்றால் வேண்டாம். அங்கே இளவரசிகள் மேசைக்கு மேசை வந்து படமெடுத்துக்கொள்ள நிற்பார்கள்; பட்டு கவுன் அணிந்த நான்கு வயதுச் சிறுமிகள்தாம் அங்கே உண்மையான விருந்தினர்கள். அருகில் உள்ள பீ அவர் கெஸ்ட் உணவகமும் அழகான மண்டபம்தான், ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்வு கடைசி வரை போகாது.

பார்க்குக்குள்தான் சாப்பிட வேண்டும் என்றால், பல நாடுகளின் பெயரில் தனித்தனிப் பகுதிகள் உள்ள எப்காட் பார்க்குக்குச் செல்லுங்கள். மெக்சிகோ பகுதியின் பிரமிடுக்குள்ளே இருக்கும் சான் ஏஞ்சல் இன்னில் நண்பகலிலும் அந்தி வேளைதான்: மேலே இருண்ட வானம், தொலைவில் புகையும் எரிமலை, பக்கத்தில் படகுகள் மெல்ல நகரும் நீரோடை. பதிவு செய்யும்போதும், வாசலில் பெயர் சொல்லும்போதும் நீரோரத்து மேசை வேண்டும் என்று கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆனால் சில நிமிடம் காத்திருக்கத் தயார் என்று சொன்னால் பெரும்பாலும் நடக்கும். வெளிச்சம் மிகக் குறைவு என்பதால் உணவுப் பட்டியலைப் படிக்கப் பலர் கைபேசி விளக்கைத்தான் ஏற்றுகிறார்கள். வீட்டிலிருந்தே பட்டியலைப் பார்த்து முடிவு செய்துகொண்டு போனால் அந்தச் சங்கடம் இல்லை. படகில் போகிறவர்கள் சில வேளை கையசைப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பிரான்ஸ் பகுதியின் மாடியில் உள்ள மொஸ்யூ பால் இன்னும் அமைதியானது. புகழ்பெற்ற சமையற்கலைஞர் பால் போக்கூஸின் பெயரில் 2012 இறுதியில் தொடங்கப்பட்ட இடம் அது. விலை அதற்கேற்றபடி இருக்கும்.

கேள்வி: நாங்கள் இருவருமே சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. இந்தப் பெரிய உணவகங்களில் எங்களுக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு என்ன கிடைக்கும்?

இன்று நிலைமை எவ்வளவோ மேல். முற்றிலும் தாவர உணவு என்பதைக் காட்டும் இலைக் குறியை 2019 முதல் பட்டியல்களில் போடத் தொடங்கிவிட்டார்கள். ஆயினும் ஐயத்துக்கு இடமுள்ள உணவுகளைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். எப்காட்டின் கனடா பகுதியில் உள்ள லெ செல்லியே உணவகத்தின் செடார் சீஸ் சூப்பை எல்லோரும் புகழ்வார்கள்; பெயரைக் கேட்டால் சைவம் போலத்தான் இருக்கும், ஆனால் அதில் பன்றி இறைச்சியும் பீரும் சேர்கின்றன. மரக்கறி என்று தோன்றும் சூப்பிலும் சாதத்திலும் கோழிச்சாறு இருக்கலாம். “இறைச்சி, மீன், முட்டை, அவற்றின் சாறு எதுவும் வேண்டாம்” என்று பதிவிலேயே எழுதிவிட்டு, மேசையில் அமர்ந்ததும் பரிமாறுபவரிடம் மீண்டும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சமையற்காரரே வந்து பேசுவார்.

உங்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம், அனிமல் கிங்டம் லாட்ஜ் என்னும் விடுதியின் கிடானி வில்லேஜ் பகுதியில் உள்ள சனா. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சுவைகளும் கலந்த உணவகம். ரொட்டித் தட்டு ஒன்று கேட்டால், நான் ரொட்டி, குல்ச்சா போன்றவற்றுடன் தொட்டுக்கொள்ள ஒன்பது வகைகள் சிறு கிண்ணங்களில் வரும்: புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, வெள்ளரிப் பச்சடி, பூண்டு ஊறுகாய் என்று நம் நாக்குக்கு இணக்கமானவை பல. ரொட்டி மாவில் முட்டை உண்டா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் முக்கியமானது நேரம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேயும் புல்வெளி. இருட்டிய பின் போனால் கண்ணாடியில் உங்கள் முகங்கள்தாம் தெரியும். டிசம்பரில் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். அதை வைத்து நேரத்தை முடிவு செய்யுங்கள். அந்த விடுதிக்கு மோனோரயில் கிடையாது, பேருந்துதான். வேறு பார்க்கிலிருந்து வருகிறீர்கள் என்றால் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் அவ்வளவு பணத்துக்குத் தகுதியானதா?

சாப்பாடு உங்கள் இருவருக்கும் பெரிய ஈடுபாடு என்றால், ஆம். கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதியில் உள்ள இந்த உணவகம் 2024-இல், சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் பெற்றது. சிறிய அறை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல உணவுகள், அவசரப்படுத்தாத பரிமாறல் என்று மூன்று மணி நேரமாவது போகும். 2022-இல் மீண்டும் திறந்தபோதே தொடக்க விலை ஒருவருக்கு 295 டாலர். வைன், வரி, டிப்ஸ் எல்லாம் அதற்கு மேல். ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, செருப்புடன் உள்ளே விடமாட்டார்கள். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, டிஸ்னி வேர்ல்டில் இது அபூர்வம்.

காலை ஏழு மணிக்கு பார்க் வாசலில் நின்ற நாளில் மட்டும் இதை வைக்காதீர்கள். ஐந்தாவது தட்டு வரும்போது கண் சொக்கும். அன்று பார்க்குக்கே போகாமல், பிற்பகல் தூங்கி எழுந்து செல்வதுதான் அந்தப் பணத்துக்குச் செய்யும் நியாயம்.

கேள்வி: பழைய கார்களுக்குள் அமர்ந்து படம் பார்த்தபடி சாப்பிடும் ஸைஃபை டைன்-இன் எப்படி? காதலர்களுக்கு ஏற்றது என்று நண்பர் சொன்னார்.

மதிய உணவுக்கு வேடிக்கையான இடம். எல்லோரும் திரையைப் பார்த்தே உட்கார்ந்திருப்பதால், முகம் பார்த்துப் பேச வழியில்லை.

கேள்வி: எங்களுடன் நான்கு வயது மகனும் வருகிறான். ஒரு நல்ல இரவு உணவு சாத்தியமா, இல்லை ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். உணவகம் திறந்தவுடன் முதல் மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டமும் குறைவு, குழந்தையும் களைத்துப் போய் அழும் நிலைக்கு வந்திருக்க மாட்டான். ரிவியேரா விடுதியின் பத்தாவது மாடியில் உள்ள டொப்போலினோஸ் டெரஸ் உங்களுக்குப் பொருந்தும். காலையில் மிக்கி, டொனால்டு வேடங்கள் வரும் கலகலப்பான இடமான அது, இரவில் இத்தாலிய, பிரெஞ்சு உணவுடன் அடங்கிய தொனிக்கு மாறிவிடும். அதன் வெளித்தளத்திலிருந்து எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் ஆகிய இரண்டு பார்க்குகளின் வாணவேடிக்கைகளும் தொலைவில் தெரியும். எப்காட்டிலிருந்து ஸ்கைலைனர் என்னும் தொங்கு வண்டியில் கட்டணமின்றி அங்கே போய்ச் சேரலாம், மகனுக்கு அந்தப் பயணமே போதும். இடி மின்னல் வந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்பதால் கோடை மாலைகளில் வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருவருக்குச் செலவு 125 டாலருக்குள் அடங்க வேண்டும். முடியுமா?

பட்டியலில் 100 டாலருக்கு உணவு எடுத்தால், ஆறரை விழுக்காடு விற்பனை வரியும் 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 125 ஆகிவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுங்கள். சனாவில் பகல் உணவு இதற்குள் தாராளமாக அடங்கும். இன்னொரு வழி, விலையுயர்ந்த உணவகங்களை ஒட்டியுள்ள லவுஞ்சுகள். அனிமல் கிங்டம் பார்க்குக்குள் டிஃபின்ஸ் உணவகத்தின் பக்கத்தில் உள்ள நோமாட் லவுஞ்சில் சிறிய தட்டுகளாக வாங்கி, ஆற்றைப் பார்த்த திண்ணையில் சாய்வு இருக்கைகளில் உட்காரலாம். மாலை உணவுக்கு முந்தைய இடைநேரத்தில் போனால் முன்பதிவு இல்லாமலேயே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அங்கே வைத்துத் திருமணத்துக்குச் சம்மதம் கேட்கப்போகிறேன். மோதிரத்தை இனிப்புக்குள் வைத்துத் தரச் சொல்லலாமா?

வேண்டாம். மோதிரம் தொலையலாம், பல் உடையலாம், அதைவிட மோசமாக வேறு மேசைக்குப் போகலாம். சாப்பாட்டின் முடிவு வரை காத்திருந்தால் உங்களுக்கு ஒரு வாய்கூட இறங்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு சாப்பிடப் போங்கள். கிராண்ட் ஃப்ளோரிடியனில் நீர்மேல் கட்டப்பட்ட நார்கூசீஸ் உணவகத்தில் மேசை பதிவு செய்து, அரை மணி முன்னதாக வந்து, அதன் அருகிலுள்ள ஏரிக்கரையில் கேளுங்கள். எதிர்க்கரையில் கோட்டை தெரியும். விஷயத்தை உணவகத்தின் வாசலில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் முன்பே சொல்லி வையுங்கள். ஜன்னலோர மேசைக்கு அவர்களால் இயன்றதைச் செய்வார்கள். பதில் என்னவாக இருக்கும் என்பதில் உங்களுக்கே உறுதி இல்லையென்றால், யாரிடமும் எதுவும் சொல்லாமல் போவது நல்லது.