கோலாலம்பூர் வீட்டுக்கு வெளிநாட்டு வன்மரத் தரைப்பலகை: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கோலாலம்பூரில் வாங்கியிருக்கும் இரண்டு மாடி வரிசை வீட்டுக்கு மரத்தரை போட விரும்புவதாகவும், கடைக்காரர் பிரேசில் நாட்டு ஜத்தோபாவையும் அமெரிக்க வால்நட்டையும் பரிந்துரைப்பதாகவும், இருப்பதில் கடினமான மரத்தைப் பார்த்து வாங்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீடு புதுப்பிக்கும் பணிகளை மேற்பார்வையிடுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஊரில் கடினத்துக்கு முன்பே கவனிக்க வேண்டியது ஈரப்பதம். அந்தக் கணக்கில், கப்பலேறி வரும் பல மரங்களைவிட இந்த மண்ணிலேயே விளையும் மெர்பாவ் மேலானது.

கடையில் காட்டும் கடின எண் பெரும்பாலும் ஜான்கா அளவாக இருக்கும். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு பாதியளவு மரத்துக்குள் இறங்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதே அந்த அளவு. பவுண்டுக் கணக்கில் வால்நட் 1,010, அமெரிக்கச் சிவப்பு ஓக் 1,290, மெர்பாவ் ஏறக்குறைய 1,900, ஜத்தோபா 2,300-க்கும் மேல். நாற்காலிக் கால் அழுந்திப் பள்ளம் விழுமா என்று அறிய இந்த எண் உதவும். பலகை ஈரத்தில் உப்பிப்போகுமா, கரையான் தின்னுமா என்று அறிய உதவாது. தேக்கின் எண் வால்நட்டை ஒட்டியதுதான். ஆயினும் கப்பல் தளம் அமைத்தவர்கள் அதைத் தேடிப் போனதற்குக் காரணம், அதில் இயற்கையாகவே ஊறியிருக்கும் எண்ணெயும், ஈரத்துக்கு அதிகம் அசைந்து கொடுக்காத அதன் குணமும்தான்.

மரம் எப்போதும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியிருப்பதால், திறந்த வீட்டில் கிடக்கும் பலகை 15 அல்லது 16 விழுக்காடு ஈரத்தில் நிலைபெறும். குளிர்சாதனம் இடைவிடாமல் ஓடும் அறையில் 10 அல்லது 11 விழுக்காட்டுக்கு இறங்கும். அமெரிக்கச் சந்தைக்கென்று சூளையில் உலர்த்தப்படும் பலகையோ, குளிர்காலத்தில் வெப்பமூட்டப்படும் வீடுகளை மனத்தில் வைத்து, 6 முதல் 9 விழுக்காடு வரை காயவைக்கப்படுகிறது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சன்னல் திறந்திருக்கும் ஒரு வீட்டில் நெருக்கமாகப் பதித்தால், அது நீர் குடித்து விரிவதைத் தவிர வேறு வழியில்லை. அகலம் 1 விழுக்காடு மட்டுமே பெருகினாலும் 4 மீட்டர் அறையில் அது 4 சென்டிமீட்டர் ஆகிவிடும். சுவரோரம் விடப்படும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி அதற்கு எந்த மூலைக்கு? பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் கூடாரம்போல எழும்பிய தரைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கடைக்காரரிடம் மரத்தின் பெயரைக் கேட்கும்போதே, ஈரமானியை உங்கள் கண்முன் பலகையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பலகைகள் பதிக்கப்படவிருக்கும் அறையிலேயே, நீங்கள் வாழப்போகும் நிலையில், அதாவது குளிர்சாதனம் ஓடும் அறையென்றால் அதை ஓடவிட்டு, சில வாரங்கள் கிடக்கட்டும். தரை பதிக்கும் குத்தகையாளர் அவசரப்படுத்துவார்; விட்டுக்கொடுக்காதீர்கள்.

மெர்பாவை நான் முன்வைப்பதற்குக் காரணம், அது ஈரத்துக்குச் சுருங்கி விரிவது மிகக் குறைவு என்பதும், அதன் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, கரையான் எளிதில் தொடாது என்பதும் ஆகும். குறையும் உண்டு. நீர் பட்டால் பழுப்புச் சாறு கசிந்து பக்கத்திலுள்ள வெள்ளை ஓட்டிலும் சிமெண்டிலும் கறை படிய வைக்கும். ஆகையால் மழைச்சாரல் விழும் பால்கனி ஓரத்துக்கு அது வேண்டாம். விலை குறைவாக வேண்டுமென்றால் கெம்பாஸ் இருக்கிறது. இந்நாட்டில் தண்டவாளக் கட்டைக்கே பயன்பட்ட மரம் என்பதால் வலிமையில் குறையில்லை. ஆனால் அதை நன்றாக உலர்த்தித் தருபவரிடம்தான் வாங்க வேண்டும்.

கீழ்த்தளத்துக்கு எந்த மரத்தையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய வரிசை வீடுகள் பலவற்றில் தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் இருப்பதில்லை. மண்ணின் ஈரம் மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் தரையில் ஒட்டி இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ அங்கே மரத்துக்கு இடமில்லை. பர்மாத் தேக்கைக் கப்பல் கப்பலாக இறக்கிய செட்டிநாட்டார்கூட அதைத் தூணுக்கும் கதவுக்கும்தான் செலவிட்டார்கள். தரைக்கு ஆத்தங்குடி ஓடுகளைப் பதித்தார்கள். கீழே ஓடு, மாடியறைகளில் மரம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒட்டுப்பலகையின் (பிளைவுட்) மேல் சில மில்லிமீட்டர் அசல் மரம் ஒட்டிய அடுக்குப் பலகை, முழு மரத்தைவிடக் குறைவாக அசையும் என்பதால் மாடிக்கு நல்ல தேர்வு. மேலடுக்கு 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பின்னாளில் தயக்கமின்றி இழைத்து மெருகேற்றலாம். மேலே தேக்கே இருந்தாலும் அடியிலுள்ள ஒட்டுப்பலகை கரையானுக்கு விருந்துதான். எனவே கரையான் தடுப்பு முடிந்த பிறகே பதிப்பு.

கடைக்காரர் ஈப்பே அல்லது குமாரு என்று வேறொரு தென்னமெரிக்க மரத்தைக் காட்டினால், அவை இரண்டும் 2024 நவம்பர் முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்து, இறக்குமதி ஆவணங்களைக் கேளுங்கள். உள்ளூர் மரமானால் மலேசிய மரச் சான்றிதழ்த் திட்டத்தின் சான்று உள்ளதா என்று விசாரிக்கலாம்.

நம் வீட்டுப் பழக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாளித் தண்ணீரில் தோய்த்த துணியால் துடைத்தால்தான் வீடு சுத்தம் என்று நினைக்கும் வீட்டில் எந்த மரத்தரையும் நிலைக்காது. நன்றாகப் பிழிந்த துணியே போதும். பூசையறையில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயும் மஞ்சள் நீரும் சிந்துவது இயல்பு என்பதால் அங்கு மட்டும் கல்லோ ஓடோ பதித்துவிடுங்கள். ஜத்தோபாவும் மெர்பாவும் வெளிச்சம் பட்டுக் கறுக்கும் மரங்கள் ஆதலால், முதல் சில மாதங்களுக்குக் கம்பளம் விரிக்காதீர்கள். விரித்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். மொத்தத் தேவைக்கு மேல் பத்து விழுக்காடு கூடுதலாக, ஒரே தொகுதியிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒரு பலகையை மாற்ற நேர்ந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.